தொட்டாச்சிணுங்கி ரெஜிஸ்டர்கள்

பொட்டி தட்டுற நம்ம கூட்டத்துல பெரும்பாலானவங்களுக்கு மெமரிங்கறது ஒரு அலமாரி. 5-ஐ வெச்சா 5 இருக்கும். நாளைக்கு வந்து திறந்து பார்த்தாலும் அதே 5 தான். நூறு தடவை திறந்து மூடினாலும் அந்த 5 கோவிச்சுக்காது. காலேஜ்ல சி மொழி படிச்ச நாளிலிருந்து இந்த நம்பிக்கையிலதான் நம்ம பொழப்பு ஓடுது.

லினக்ஸ் கெர்னலுக்குள்ள ஒரு டிவைஸ் டிரைவர் எழுத உக்காந்தா முதல்ல உடையறது இந்த நம்பிக்கைதான். அங்கே சில முகவரிகள் பார்க்க மெமரி மாதிரியே இருக்கும். பாயிண்டரும் அதே பாயிண்டர்தான். ஆனா எழுதினா அங்கே எதுவும் சேமிப்பாகாது. எங்கேயோ ஒரு விளக்கு எரியும், ஒரு மோட்டார் சுத்தும். படிச்சாலும் சும்மா இருக்காது. சிலது தொட்டாச்சிணுங்கி மாதிரி, படிச்ச உடனே சுருங்கிக்கும்.

கெர்னல் ஆசாமிகளுக்கு இதுல புதுசா எதுவும் இருக்காது. ஜாவா, டாட்நெட், வெப்புன்னு ஆணி புடுங்குறவங்களை மனசுல வெச்சுத்தான் எழுதுறேன். கோடு ஒரு வரி கூட கிடையாது, பயப்படாம படிக்கலாம் :-)

ஒரு வீடு, மூணு விலாசம்

முதல்ல ரெஜிஸ்டர்னா என்னன்னு பார்த்துடுவோம். ஒரு சிப்புக்குள்ள சிபியு மட்டும் இருக்காது. சீரியல் போர்ட், டைமர், வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற பின்களைக் கட்டுப்படுத்தும் ஜிபிஐஓ, இப்படி ஒரு கூட்டுக்குடும்பமே உள்ள இருக்கு. இவங்களைத்தான் பெரிஃபெரல்னு சொல்றோம். ஒவ்வொரு பெரிஃபெரலுக்கும் சில முகவரிகளை ஒதுக்கி வெச்சிருப்பாங்க. சிபியு அந்த முகவரியில எழுதினா அது கட்டளை, படிச்சா அது விசாரிப்பு. இந்த முகவரிகளுக்குப் பின்னால இருக்கறதுதான் ரெஜிஸ்டர்.

உதாரணத்துக்கு ராஸ்பெரி பை. முதல் மாடல் 2012 பிப்ரவரி 29 அன்னிக்கு விற்பனைக்கு வந்தது. உள்ளே இருந்தது பிராட்காமின் பிசிஎம்2835 சிப்பு. அதுல ஜிபிஐஓ பகுதி ஹெக்ஸில் 20200000-ங்கற முகவரியில ஆரம்பிக்குது. ஆனா டேட்டாஷீட்டைத் திறந்தா அங்கே 7ஈ200000-னு போட்டிருக்கும். முதல் தடவை பார்க்கிறவங்களுக்குத் தலை சுத்தும். ரெண்டும் சரிதான். 7ஈ-ல ஆரம்பிக்கிறது சிப்புக்குள்ள இருக்கிற பஸ்ஸின் பார்வையில் உள்ள முகவரி. 20-ல ஆரம்பிக்கிறது ஏ.ஆர்.எம். சிபியு பார்க்கிற பிசிக்கல் முகவரி.

சரி, பிசிக்கல் முகவரி தெரிஞ்சாச்சு, நேரா போய் எழுதலாமான்னா அதுவும் முடியாது. கெர்னல் ஓடும்போது எம்.எம்.யு. விழிச்சுக்கிட்டிருக்கும். கெர்னலே ஆனாலும் விர்ச்சுவல் முகவரி வழியாத்தான் போகணும். அதனால ஐஓ-ரீமேப்னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு, "இந்த பிசிக்கல் இடத்துக்கு எனக்கு ஒரு கதவு போட்டுக் கொடு"ன்னு கேக்கணும். அது கொடுக்கிற விர்ச்சுவல் முகவரி மூணாவது விலாசம். ஒரே வீட்டுக்கு பத்திர ஆபீஸ்ல சர்வே நம்பர், தபால்காரருக்கு கதவு எண், சொந்தக்காரங்களுக்கு "பிள்ளையார் கோயிலுக்கு எதிர்த்த வீடு"ன்னு மூணு விலாசம் இருக்கற மாதிரிதான். எந்த ஆளுக்கு எதைச் சொல்லணும்னு தெரிஞ்சா போதும்.

ஐஓ-ரீமேப் இன்னொரு முக்கியமான வேலையையும் செய்யுது. அந்தப் பக்கத்தை கேஷ் பண்ணக்கூடாதுன்னு பேஜ் டேபிளில் குறிச்சு வெச்சுடும். இல்லேன்னா என்ன ஆகும்? நாம எழுதினது கேஷுலயே தங்கிடும், விளக்கு எரியாது. ஸ்டேட்டஸைப் படிச்சா எப்பவோ படிச்ச பழைய மதிப்பே திரும்பத் திரும்ப வரும். நேத்து பேப்பரைப் பார்த்துட்டு இன்னிக்கு தங்கம் வாங்கக் கிளம்பின கதை.

இந்த முகவரிகளை டிரைவருக்குள்ள கல்வெட்டு மாதிரி செதுக்கி வைக்கக்கூடாதுங்கறதுக்கும் ராஸ்பெரி பையே சாட்சி. முதல் மாடல்ல 20000000-ல ஆரம்பிச்ச பெரிஃபெரல் பகுதி, பை 2-லயும் 3-லயும் 3எஃப்000000-க்குப் போச்சு. பை 4-ல எஃப்ஈ000000. 2023-ல வந்த பை 5-ல ஜிபிஐஓவையே பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியா இணைச்ச ஆர்பி1-ங்கற தனி சிப்புக்கு மாத்திட்டாங்க. எண்களைக் கையால எழுதி வெச்ச புரோகிராம்கள் ஒவ்வொரு தடவையும் படுத்துச்சு. அதனாலதான் ஏ.ஆர்.எம். போர்டுகள்ல முகவரியை டிவைஸ் ட்ரீங்கற தனிக் கோப்பில் எழுதி, டிரைவர் கெர்னல்கிட்ட கேட்டு வாங்கிக்கணும்னு வெச்சிருக்காங்க.

நல்லா யோசிச்சு செஞ்ச ரெஜிஸ்டர்

ஜிபிஐஓ 17-ல ஒரு எல்.இ.டி. மாட்டியிருக்கோம்னு வெச்சுக்குங்க. முதல்ல அந்தப் பின்னை அவுட்புட்டா மாத்தணும். ஒவ்வொரு பின்னுக்கும் 3 பிட், ஒரு 32 பிட் ரெஜிஸ்டருக்கு 10 பின். அப்போ 17-ஆம் பின் ரெண்டாவது ரெஜிஸ்டர்ல 21, 22, 23-ஆம் பிட்டுகள்ல இருக்கும். அங்கே 001-னு எழுதணும். கூடவே அதே ரெஜிஸ்டர்ல இன்னும் 9 பின்கள் குடியிருக்கு. அதனால மொத்தத்தையும் படிச்சு, நம்ம 3 பிட்டை மட்டும் மாத்தி, திருப்பி எழுதணும். அந்த நேரத்துல வேற யாரும் நடுவுல புகுந்துடாம ஒரு லாக் போட்டுக்கணும்.

ஆனா விளக்கை எரிய வைக்கவும் அணைக்கவும் தனித்தனி ரெஜிஸ்டர் இருக்கு. ஆரம்பத்திலிருந்து 28-ஆவது பைட்டில் இருக்கறது ஏத்துற ரெஜிஸ்டர், 40-ஆவது பைட்டில் இருக்கறது இறக்குற ரெஜிஸ்டர். 17-ஆம் பிட்டுல 1 எழுதினா அந்தப் பின் மட்டும் மாறும். 0 எழுதின பிட்டுகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. படிக்கவும் வேணாம், லாக்கும் வேணாம். ரெண்டு பேர் ஒரே நேரத்துல ரெண்டு பின்னை மாத்தினாலும் சண்டை வராது.

"ஆன் பண்ண ஒரு முகவரி, ஆஃப் பண்ண இன்னொரு முகவரியா? ஒரே இடத்துல 1, 0 எழுதினா ஆகாதா?"ன்னு எனக்கும் முதல்ல தோணுச்சு. காரணம் புரிஞ்சப்போ அந்த சிப்பு டிசைனர் இருக்கிற திசை நோக்கி ஒரு கும்பிடு போட்டேன்.

கம்பைலரை நம்பாதே, சிபியுவையும் நம்பாதே

ஐஓ-ரீமேப் கொடுத்த முகவரியை சாதாரண பாயிண்டரா நினைச்சு நட்சத்திரம் போட்டு எழுதக்கூடாது. ரீட்-எல், ரைட்-எல்னு இருக்கிற ஃபங்ஷன்கள் வழியாத்தான் போகணும். ஏன் இந்தச் சடங்கு? நடுவுல இருக்கிற எல்லாருமே புத்திசாலிகள், அதான் பிரச்சனை.

முதல் புத்திசாலி கம்பைலர். "இந்த பிட் 1 ஆகிற வரைக்கும் சுத்திக்கிட்டே இரு"ன்னு ஒரு லூப் எழுதறோம். இந்த லூப்புக்குள்ள யாருமே அந்த இடத்துல எழுதலையே, அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்ப படிக்கணும்னு கம்பைலர் ஒரு தடவை மட்டும் படிச்சு வெச்சுக்கும். பிட் மாறினாலும் நமக்குத் தெரியாது. லூப் சுத்திக்கிட்டே இருக்கும், சித்தப்பா கல்யாணத்துல பந்திக்கு இடம் தேடுற மாதிரி.

ரெண்டாவது புத்திசாலி சிபியு. ஏ.ஆர்.எம். மாதிரி சிபியுக்கள் நாம சொன்ன வரிசையிலேயே வேலை செய்யணும்னு அவசியமில்லை. டி.எம்.ஏ. செய்யும்போது இது கழுத்தறுக்கும். எந்தத் தகவலை எங்கிருந்து எடுக்கணும்னு ரேமில் எழுதி வெச்சுட்டு, அப்புறம் ஒரு ரெஜிஸ்டர்ல "வா, எடுத்துக்கோ"ன்னு மணி அடிக்கிறோம். மணி முதல்ல போய் சேர்ந்துட்டா? இலை போடறதுக்கு முன்னாடியே சாப்பிடக் கூப்பிட்ட மாதிரி ஆயிடும். டிவைஸ் வந்து பழைய குப்பையை அள்ளிக்கிட்டுப் போகும். அதனால ரைட்-எல்லுக்குள்ளயே, முன்னாடி ரேமில் எழுதினதெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் மணி அடிக்கணும்னு ஒரு தடுப்பு வெச்சிருக்காங்க. வேகம் வேணும்னா தடுப்பு இல்லாத ரிலாக்ஸ்ட் வகையும் இருக்கு. காரணம் தெரிஞ்சவங்க மட்டும் அதைத் தொடலாம்.

மூணாவது புத்திசாலி பஸ். பிசிஐ மாதிரி பஸ்ல எழுத்து தபால் பெட்டியில போட்ட லெட்டர் மாதிரி. ரைட்-எல் முடிஞ்சு நாம அடுத்த வேலைக்குப் போயிடுவோம், லெட்டர் இன்னும் வழியிலதான் இருக்கும். "ரீசெட் ஆகு"ன்னு எழுதிட்டு 10 மைக்ரோசெகண்டு காத்திருந்தா, அந்த 10-ல எத்தனை வழியிலயே போச்சோ! இதுக்கு வைத்தியம், எழுதின கையோட அதே டிவைஸிலிருந்து ஒண்ணைப் படிக்கறது. படிப்புக்குப் பதில் வரணும்னா முன்னாடி போன எழுத்து போய்ச் சேர்ந்திருக்கணும்.

இந்த முகவரிகளைத் தெரியாத்தனமா சாதாரண பாயிண்டர் மாதிரி உபயோகிச்சுடக் கூடாதுன்னுதான் 2004 வாக்கில் ஐஓமெம்-ங்கற அடையாளத்தைக் கெர்னல்ல சேர்த்தாங்க. லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பிச்ச ஸ்பார்ஸ்-ங்கற கருவியை ஓட்டினா, அடையாளம் போட்ட பாயிண்டரை நேரடியா தொடற இடத்தையெல்லாம் காட்டிக் கொடுத்துடும். கம்பைலர் கண்ணுக்கு எல்லா பாயிண்டரும் ஒண்ணுதான். இது நமக்காக ஒட்டின சிவப்புப் பொட்டு.

படிக்கிறதும் ஒரு செயல்தான்

இப்போ தொட்டாச்சிணுங்கிக்கு வருவோம். 16550-னு ஒரு பழம்பெரும் சீரியல் போர்ட் சிப்பு. அதோட வாரிசுகள் இன்னிக்கும் எத்தனையோ சிப்புகளுக்குள்ள இருக்கு. அதன் முதல் முகவரியில எழுதினா அந்த பைட் வெளியே போகும். அதே முகவரியைப் படிச்சா நாம எழுதினது வராது. வெளியேருந்து வந்த பைட் வரும். இன்னொரு ரெஜிஸ்டர்ல ஒரு பிட்டை மாத்திட்டா, அதே முகவரி வேகத்தை நிர்ணயிக்கிற எண்ணா மாறிடும். ஒரே கதவு, உள்ளே மூணு பேர்.

வந்த பைட்டை ஒரு தடவை படிச்சா அது வரிசையிலிருந்து போயிடும். அடுத்த தடவை அடுத்த பைட். லைன் ஸ்டேட்டஸ்னு ஒரு ரெஜிஸ்டர் இருக்கு, அதுல பிழை பிட்டுகள் படிச்ச உடனே அழிஞ்சுடும். டீபக்கர்ல மெமரி ஜன்னலைத் திறந்து வெச்சு "என்னதான் வருதுன்னு பார்ப்போம்"னு உக்காந்தா, அந்த ஜன்னலே ஒவ்வொரு தடவையும் ஒரு பைட்டைச் சாப்பிட்டுடும். டிரைவருக்குப் பட்டினிதான்.

இதுக்கு அண்ணன் ஒருத்தர் இருக்கார். 1 எழுதினா 0 ஆகிற பிட். இன்டரப்ட் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்கள்ல இது சகஜம். "இந்த இன்டரப்டை கவனிச்சுட்டேன்"னு சொல்ல, அந்த பிட்டுல 1 எழுதணும். உடனே அது அழியும். 0 எழுதின பிட்டுகள் அப்படியே இருக்கும்.

இந்த அண்ணன்கிட்ட நான் மூணு வாரம் மல்லுக்கட்டியிருக்கேன். லாரி எடைமேடையில வைக்கிற ஒரு போர்டு. சிப்பு கொடுத்தவங்களே சீரியல் டிரைவரையும் கொடுத்திருந்தாங்க. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ராத்திரி லாரிகள் வரிசையா நிக்கிற நேரத்துல, திரை அப்படியே உறைஞ்சுடும். அங்கே வேலை செய்யற ஆப்பரேட்டர் மெயின் சுவிட்சை அணைச்சுப் போடுவார், சரியாயிடும். வாடிக்கையாளர் தரப்புல முடிவே கட்டிட்டாங்க: அந்த ஆளு கேபிளை ஆட்டறாரு, பட்டனைக் கண்டபடி அமுக்கறாரு. அவருக்கு மெமோவும் கொடுத்தாங்க. எங்க ஆபீஸ்லயும் "யூசர் எர்ரர்"னு எழுதி டிக்கெட்டை மூடற மூட்ல இருந்தாங்க.

இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ள நுழையும்போதும் வெளியேறும்போதும் ஸ்டேட்டஸை ரேமில் பதிவு பண்ற மாதிரி வெச்சு, உறையற வரைக்கும் ஓடவிட்டேன். (இந்த ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் படிச்சா மாறாதுன்னு டேட்டாஷீட்ல உறுதி பண்ணிக்கிட்ட பிறகுதான்!) உறைஞ்சபோது பார்த்தா விசித்திரமா இருந்துச்சு. அனுப்ப வேண்டிய பைட்டுகள் எல்லாம் போயாச்சு. "அனுப்பி முடிச்சுட்டேன்"ங்கற இன்டரப்ட் மட்டும் வரவே இல்லை. டிரைவர் அதுக்காகக் காத்துக்கிட்டு கல்லா நிக்குது.

கடைசியா டிரைவரை வரி வரியா படிச்சேன். ஒரு பைட் வந்தது, கவனிச்சாச்சு, அந்த பிட்டை அழிக்கணும். என்ன செஞ்சிருந்தாங்கன்னா, ஸ்டேட்டஸை மறுபடி படிச்சு, அதோட இந்த பிட்டை ஓர் போட்டு, திருப்பி எழுதியிருந்தாங்க. பார்க்க எவ்வளவு ஒழுக்கமான கோடு! மத்தவங்க பிட்டைக் கெடுக்காம நம்ம பிட்டை மட்டும் மாத்தற முறை. மேல ஜிபிஐஓ 17-க்கு நாம செஞ்ச அதே முறைதான். ஆனா இங்கே, படிக்கிற அந்தக் கணத்துல "அனுப்பி முடிச்சுட்டேன்" பிட்டும் 1 ஆகியிருந்தா? அந்த 1-ஐயும் சேர்த்துத் திருப்பி எழுதறோம். எழுதினா அழியும். யாருமே கவனிக்காத ஒரு இன்டரப்ட், பிறந்த உடனே செத்துப் போகும்.

லாரிகள் வரிசையா நிக்கும்போது போர்டுக்கு வரவும் போகவும் தகவல் நெருக்கமா இருக்கும். ரெண்டு இன்டரப்ட்டும் அந்தச் சின்ன இடைவெளியில சந்திக்கிற வாய்ப்பும் கூடும். ஆப்பரேட்டர் என்ன செஞ்சாரு? வேலை அதிகமா இருந்த நேரத்துல வேலை செஞ்சாரு. அவ்வளவுதான்.

படிக்கிறதை எடுத்துட்டு, அந்த ஒரு பிட்டை மட்டும் எழுதற மாதிரி மாத்தினேன். மூணு வாரத் தேடலுக்கு ஒரு வரி. டேட்டாஷீட்ல அந்த ரெஜிஸ்டர் அட்டவணையின் கடைசிப் பத்தியில "1 எழுதினால் அழியும்"னு குட்டி எழுத்துல போட்டிருந்தது. வெளியீட்டுக் குறிப்புல "ஸ்டெபிலிட்டி மேம்பாடு"ன்னு எழுதி அனுப்பப் பார்த்தாங்க. கோளாறு டிரைவர்ல இருந்தது, இயக்கினவர் மேல தப்பில்லைன்னு ஒரு வரி சேருங்கன்னு எங்க லீட்கிட்ட கேட்டேன். ஒரு நிமிஷம் யோசிச்சார். சேர்த்தார்.

நெட்வொர்க் கார்டைக் கொன்ற எழுத்து

இதெல்லாம் உறையறதோட போச்சு. ஹார்ட்வேரே சாகக் கூடிய விஷயம் 2008-ல நடந்தது. 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகளை ஓட்டினவங்க சிலருக்கு, இன்டெல்லின் இ1000இ டிரைவரால இயங்குற நெட்வொர்க் கார்டுகள் திடீர்னு வேலை செய்யாம போச்சு. ரீபூட் பண்ணினாலும் வரலை. கார்டின் அமைப்பு விவரங்களை வெச்சிருக்கிற ஃபிளாஷ் நினைவகமே கெட்டுப் போயிருந்தது.

முதல்ல எல்லாரும் சந்தேகப்பட்டது நெட்வொர்க் டிரைவரைத்தான். உண்மையான காரணம் அதுக்குச் சம்பந்தமே இல்லாத எஃப்டிரேஸ்-ங்கற கண்காணிப்பு வசதி. அது கெர்னல் ஃபங்ஷன்களின் முகவரிகளைக் குறிச்சு வெச்சு, பின்னாடி அங்கே போய் கோடை மாத்தி எழுதும். மாட்யூல்கள்ல ஆரம்பத்துல மட்டும் தேவைப்படற ஃபங்ஷன்கள் உண்டு; வேலை முடிஞ்சதும் அந்த இடம் காலி பண்ணப்படும். எஃப்டிரேஸின் பட்டியல்ல மட்டும் பழைய முகவரி அப்படியே இருந்தது. காலியான அந்த விர்ச்சுவல் இடத்துக்குப் புதுசா குடிவந்தது, ஐஓ-ரீமேப் வழியா வந்த நெட்வொர்க் கார்டின் ஃபிளாஷ்!

எஃப்டிரேஸ் அப்பவும் ஜாக்கிரதையாத்தான் இருந்தது. "பழைய மதிப்பு நான் நினைச்ச மாதிரி இருந்தா மட்டும் மாத்து"ங்கற ஒப்பிட்டு மாத்தும் கட்டளையைத்தான் போட்டது. ரேமில் அது முழுப் பாதுகாப்பு. ஆனா டிவைஸ் முகவரி மேல அந்தக் கட்டளை என்ன செய்யும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஃபிளாஷ் கெட்டது. பிறகு இ1000இ டிரைவர்ல அந்த ஃபிளாஷுக்கு எழுத்துப் பூட்டு போட்டாங்க. 2008 அக்டோபர்ல 2.6.27 வெளியானதும், அதைத் தொடர்ந்து வந்த 2.6.27.1-ல எஃப்டிரேஸின் அந்தப் பகுதியை முடக்கி வெச்சாங்க.

எடைமேடைக்கும் இதுக்கும் ஒரே பாடம்தான். ரெண்டு இடத்துலயும் எழுதினவங்க கவனக்குறைவா இல்லை. படிச்சுட்டு மாத்து, ஒப்பிட்டுட்டு எழுதுன்னு மெமரி உலகத்தின் நல்ல பழக்கங்களை ஒழுங்கா கடைப்பிடிச்சாங்க. அந்த நல்ல பழக்கம்தான் இங்கே உதைச்சது. எதிர்ல இருக்கறது அலமாரி இல்லை, காது கொடுத்துக் கேட்டுக்கிட்டிருக்கிற ஒரு ஆள். அவர்கிட்ட ஒவ்வொரு வார்த்தைக்கும் விளைவு உண்டு.

அதனால நீங்க டிரைவர் எழுதக் கிளம்பினா, என் அனுபவத்துல நாலு விஷயம்:

- டேட்டாஷீட்ல ரெஜிஸ்டரின் பேரைப் பார்க்கறதுக்கு முன்னாடி, படிக்கலாமா, எழுதலாமா, எழுதினா அழியுமான்னு சொல்ற அந்த ஓரத்துப் பத்தியைப் பாருங்க.
- அந்த பெரிஃபெரலுக்கு கிளாக் கொடுத்தாச்சான்னு பாருங்க. சில சிப்புகள்ல கிளாக் இல்லாம ரெஜிஸ்டரைப் படிச்சா பதிலே வராது, மொத்த போர்டும் உறைஞ்சுடும்.
- பிசிஐ டிவைஸிலிருந்து 32 பிட்டும் 1-ஆ வந்தா, அது பதில்னு நம்பிடாதீங்க. எதிர்ல ஆளே இல்லாமலும் இருக்கலாம்.
- எல்லாத்துக்கும் மேல, கெர்னல்ல ஏற்கனவே ஜிபிஐஓ, சீரியல்னு தயாரா இருக்கறதைப் பயன்படுத்த முடியுமான்னு பாருங்க. ரெஜிஸ்டரை நாமே தொடறது கடைசி வழியா இருக்கட்டும்.

அடுத்த தடவை இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ள ஏன் தூங்கக்கூடாதுன்னு எழுதறதா உத்தேசம். வெளியில தூங்கறதுக்கே நேரமில்லைங்கறது வேற விஷயம் :-)

ஆணி கூப்பிடுது. வர்ட்டா!